பந்து என் கைக்கு வரும்வரை

இன்னும் ஒன்பது பேர் இருக்கிறார்கள். ஒன்பது பேரும் பேசி முடித்தால் பந்து என் கைக்கு வந்துவிடும், வந்ததும் சண்முகவடிவு, நாற்பத்து மூன்று வயது என்று சொல்ல வேண்டும், அதில் ஒன்றும் சிக்கல் இல்லை, அதற்கப்புறம் நான் யார் என்று ஒரே வார்த்தையில் சொல்ல வேண்டும். ஒரே வார்த்தை. இந்த மாதத்திலிருந்து இதுதான் ஏற்பாடு என்று கூட்டத்தை நடத்துகிற நித்திலா வாட்ஸ்அப்பில் போட்டிருந்தாள், கடைசியில் இரண்டு கூப்பிய கைகளும் ஒரு பூவும் வேறு. லெஸ்பியன் என்பவர்கள் இந்த முதல் ஞாயிறுக் கூட்டத்தில் தொடரலாம், பை, அதாவது ஆண் பெண் இரண்டு பேரையும் பிடிக்கும் என்பவர்களுக்கும் ஆண் துணை உள்ளவர்களுக்கும் இரண்டாம் ஞாயிறு தனிக் கூட்டம், இடம் பிறகு அறிவிக்கப்படும். பிறகு அறிவிக்கப்படும் என்றால் இடம் இன்னும் பார்க்கவில்லை என்று அர்த்தம். எனக்குத் தெரியாதா, கோடம்பாக்கத்தில் இந்த டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் மாடியைப் பிடிக்க நானும் கபிலனும் எத்தனை வீட்டுப் படி ஏறி இறங்கினோம் என்று. எம்பிராய்டரி வகுப்பு என்று பொய் சொல்லித்தான் கேட்டோம், ஒரு வருடம் வரை பையில் துணியும் நூலும் எடுத்துக்கொண்டு வருவோம், யாராவது படியேறி வந்தால் ஆளுக்கொரு ஊசியோடு குனிந்துகொள்வோம். இப்போது சுவரில் வானவில் கொடி ஒட்டியிருக்கிறார்கள், பக்கத்திலேயே எந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று ஒரு அட்டை, அதில் பதினேழு சொற்கள். ரெக்சின் உறை போட்ட மிஷின்களை ஓரமாகத் தள்ளிவிட்டு நடுவில் பாய் விரித்து வட்டமாக உட்கார்ந்திருக்கிறோம். மின்விசிறி ஒன்று சுற்றுகிறது, ஒன்று சுற்றவில்லை. நித்திலா எனக்கு இடப்பக்கம், மடியில் நோட்டு, கையில் பேனா. பந்து வலப்பக்கமாக வருகிறது. எனக்குப் பிறகு அவள், அத்தோடு வட்டம் முடியும்.

பந்து கபிலன் யோசனைதான். ஆரம்பத்தில் நாங்கள் நான்கு பேர், அதில் ஒருத்தி வக்கீல், அவள் வாய் திறந்தால் மற்ற மூன்று பேரும் மூடிக்கொள்ள வேண்டியதுதான். மூன்றாவது கூட்டத்துக்குக் கபிலன் ஒரு டென்னிஸ் பந்தோடு வந்தான். பந்து யார் கையில் இருக்கிறதோ அவர்தான் பேசலாம், அவர் முடிக்கும்வரை யாரும் குறுக்கே வரக் கூடாது, கேட்டுப் பிடுங்கக் கூடாது என்றான். வக்கீலம்மாவுக்கு முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. அந்த வழக்கம் மட்டும் பதினாறு வருடமாக அப்படியே இருக்கிறது, ஆட்கள் மாறிவிட்டார்கள், அதைக் கொண்டுவந்த ஆள் மாடிக்கே வருவதில்லை. கபிலன் என் துணை. அப்போது அவனுக்கு வேறு பெயர், அதை நான் இப்போது சொல்வதில்லை, மனசுக்குள் சொல்லிக்கொள்வதும் இல்லை. எல்லோரும் அவனைப் பெண் என்றே நினைத்தோம், அவனும் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தான். மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு காலை, நான் தோசையைத் திருப்பிக்கொண்டிருந்தபோது, சமையலறை வாசலில் நின்று, வடிவு, நான் பெண் இல்லை, எப்பவுமே இல்லை என்றான். தோசை கருகிவிட்டது. அன்றிலிருந்து அவன் திருநம்பி, ஹார்மோன் ஊசி போட்டுக்கொள்கிறான், குரல் உடைந்து கனத்துவிட்டது, மீசை பார்க்க நன்றாகவே இருக்கிறது. பெண்கள் கூட்டத்தில் ஆணுக்கு என்ன வேலை என்று அவனாகவே வருவதை நிறுத்திக்கொண்டான், யாரும் சொல்லவில்லை. இப்போதும் என்னை வண்டியில் கொண்டுவந்து விட்டுவிட்டுக் கீழே டீக்கடையில் உட்கார்ந்திருக்கிறான்.

எட்டு பேர். ஐடி கம்பெனிப் பெண் ஒருத்தி பேசுகிறாள், லெஸ்பியன் என்று சொல்லிவிட்டுக் கூடவே தங்க நட்சத்திரம் என்கிறாள், அதாவது ஆண்பிள்ளை வாசனையே படாதவளாம், இரண்டு பேர் கைதட்டுகிறார்கள். பள்ளிக்கூடத்தில் நூற்றுக்கு நூறு வாங்கினவளுக்குத் தட்டுவது மாதிரி. எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அந்தக் கணக்கில் பார்த்தால் எனக்கும் நட்சத்திரம் உண்டு, நான் எந்த ஆணையும் தொட்டதில்லை, இருபத்தாறு வயதில் பெண் பார்க்க வந்தவன் முன்னால் காபித் தட்டை வைத்ததுதான் நான் ஒரு ஆணுக்குப் பக்கத்தில் போன தூரம். ஆனால் போன வாரம் ராயப்பேட்டை மார்க்கெட்டில் கபிலன் கையைப் பிடித்துக்கொண்டு ரோட்டைக் கடந்தேனே, அது என்ன கணக்கு. கபிலன் ஆண். ஆண் என்றுதான் சொல்வேன், அவனை யாராவது இல்லை என்றால் சண்டைக்குப் போவேன், போன மாதம் ஸ்கேன் சென்டரில் போயிருக்கிறேன். அப்படியானால் நான் லெஸ்பியன் இல்லை. லெஸ்பியன் என்று நான் சொன்னால் அவன் ஆண் இல்லை. இவ்வளவுதான் விஷயம், சின்னப் பிள்ளைக்குக்கூடப் புரிந்துவிடும், எனக்குத்தான் மூன்று வருடமாகத் தொண்டையில் மீன் முள்ளாக நிற்கிறது. பை என்று சொல்லிவிட்டுப் போயேன் என்கிறார்கள். பை என்றால் ஆண்களையும் பிடிக்க வேண்டாமா, எனக்குப் பிடிக்கவில்லையே, பிடிக்காததைப் பிடிக்கும் என்று சொல்லச் சொல்லித்தானே ஊரில் அம்மா என்னை அடித்தாள். பை என்று உண்மையாகவே இருப்பவர்களுக்கும் அது நியாயம் இல்லை, போக்கிடம் இல்லாதவர்கள் வந்து தங்கிப்போக அவர்கள் வாழ்க்கை என்ன சத்திரமா. அட்டையில் இன்னும் பதினைந்து சொற்கள் இருக்கின்றன, போன வருடம் அவற்றுக்குத் தமிழ் வைக்கிறோம் என்று மூன்று மணி நேரம் சண்டை போட்டார்கள், சமோசா ஆறிப்போய் எண்ணெய் வாடை வந்துவிட்டது. ஒன்றுகூட எனக்கு அளவாக இல்லை.

லெஸ்பியன் என்ற அந்த வார்த்தை எனக்கு எப்படிக் கிடைத்தது என்று இந்தப் பிள்ளைகளுக்கு யாராவது சொல்லியிருக்கிறார்களா. திருநெல்வேலியில் பத்தொன்பது வயதில், மளிகை மடித்து வந்த செய்தித்தாளில் படித்தேன். இரண்டு தோழிகள் துப்பட்டாவால் இடுப்பை ஒன்றாகக் கட்டிக்கொண்டு கிணற்றில் குதித்துவிட்டார்கள். செய்தியின் நடுவில் அந்தச் சொல், அசிங்கம் என்ற சொல்லுக்கு அடுத்ததாக. துவரம் பருப்பைக் கொட்டிவிட்டு அந்தத் தாளை நான்காக மடித்து வைத்துக்கொண்டேன். செத்துப்போனவர்களிடமிருந்து எடுத்த வார்த்தை அது, பயந்து பயந்துதான் எடுத்தேன், எடுத்து என் மேல் போட்டுப் பார்த்ததும் சரியாக இருந்தது. அந்த ஒரு வார்த்தை இருந்ததால்தான் நான் கிணற்றுக்குப் போகவில்லை, சென்னைக்கு வந்தேன், கண்ணாடிக் கடையில் வேலைக்குச் சேர்ந்தேன், கபிலனைப் பார்த்தேன். இப்போது இருபத்தாறு வயது நித்திலா நோட்டில் கோடு போட்டு வைத்துக்கொண்டு அது எனக்கு உண்டா இல்லையா என்று பார்க்கிறாள். அவள் மேல் எனக்குக் கோபம் இல்லை என்று சொல்ல மாட்டேன், இருக்கிறது, நிறைய இருக்கிறது. ஆனால் அவள் கெட்டவள் இல்லை. போன வருடம் ஒருத்தி வந்தாள், அவள் கணவன் அவளுடைய போனை எடுத்து எங்கள் குழுவை முழுக்கப் படித்துவிட்டு இரண்டு பெண்களை வீட்டுக்கு வரச் சொல்லிச் செய்தி அனுப்பினான். வர மாட்டோம் என்றதும் ஒருத்தியின் அண்ணனுக்கு எல்லாவற்றையும் போட்டோ எடுத்து அனுப்பிவிட்டான். அந்தப் பெண்ணை ஹாஸ்டலிலிருந்து இழுத்துக்கொண்டு போனார்கள், இன்றுவரை போன் அணைந்தே இருக்கிறது. நித்திலா அன்று இந்தப் பாயில்தான் உட்கார்ந்து அழுதாள், நான்தான் தண்ணீர் கொடுத்தேன். கதவை அடைக்க வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியதில் தப்பில்லை. அடைக்கிற கதவில் என் விரல் இருக்கிறது, அவ்வளவுதான்.

ஆறு பேர். இல்லை, ஐந்து. ஹசீனா கையில் பந்து. ஹசீனா நான்கு வருடமாக இந்த வட்டத்தில் பை என்று சொல்லி வந்தவள், சிரித்துக்கொண்டே சொல்வாள், எனக்கு ரெண்டு பக்கமும் ஜன்னல் உண்டு என்பாள். இன்று பந்தை உருட்டிக்கொண்டே இருக்கிறாள். ஹசீனா, முப்பத்தொண்ணு, லெஸ்பியன் என்கிறாள், பாயைப் பார்த்துக்கொண்டு. நித்திலா எழுதிக்கொள்கிறாள். எல்லோருக்கும் தெரியும், பந்து அடுத்த கைக்குப் போய்விட்டது. இதற்கா மாடி பிடித்தோம். வெளியேதான் பொய் சொல்ல வேண்டியிருக்கிறது, ஒரு இடமாவது வேண்டும் என்றுதானே இந்தப் பாயை விரித்தோம். ஆனால் நான் பெரிய ஒழுங்கு மாதிரி ஹசீனாவைச் சொல்கிறேனே, நேற்று நித்திலா போனில் சொன்னபோது நான் என்ன செய்தேன். அக்கா, நீங்க லெஸ்பியன்னு மட்டும் சொல்லுங்க, கபிலண்ணா பத்தி நீங்களா எடுக்காதீங்க, பேசாம இருந்தா யாரும் கேக்க மாட்டாங்க என்றாள். எனக்கு நல்லது செய்வதாக நினைத்துத்தான் சொன்னாள், குரலிலேயே தெரிந்தது. பேசாமல் இருந்தால் யாரும் கேட்க மாட்டார்கள். இதே வார்த்தையைத்தான் அம்மா சொன்னாள், அண்ணன் சொன்னான், கண்ணாடிக் கடை முதலாளி அம்மாள் கண்டுபிடித்தபோது அவளும் சொன்னாள். நான் என்ன பதில் சொன்னேன் தெரியுமா. சரி பார்க்கலாம் என்றேன். சரி பார்க்கலாம்.

பயந்துவிட்டேன், வேறென்ன. இந்த மாடி போய்விட்டால் எனக்கு என்ன மிச்சம் என்று நினைத்தேன். குரோம்பேட்டையில் புது வீட்டுக்குப் போனதிலிருந்து எங்களைப் புருஷன் பெண்டாட்டி என்றுதான் தெருவில் நினைக்கிறார்கள். முந்தைய வீட்டில் ஒன்பது வருடம் அக்கா தங்கை என்று புளுகி, ஜன்னல் திரையை விலக்காமல் வாழ்ந்தோம். இங்கே வீட்டுக்காரம்மா வெள்ளிக்கிழமை மல்லிகைப்பூ கொடுத்தனுப்புகிறாள், பக்கத்து வீட்டு வளைகாப்புக்குக் கூப்பிட்டு என் கையில் சந்தனம் பூசி வளையல் அடுக்கினார்கள், குழந்தைக்கு எந்த டாக்டரிடம் பார்க்கிறீர்கள் என்று பரிவோடு கேட்டார்கள். எனக்கு அது பிடித்திருந்தது. சொல்லவே வெட்கமாக இருக்கிறது, பிடித்திருந்தது, நாற்பது வயதுக்கு மேல் முதல்முறையாக ஊர் என்னைப் பார்த்துச் சிரிக்கிறது. வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியதும் வளையல்களை உடைக்க வேண்டும் போல ஆத்திரம் வந்தது, ஏனென்றால் அவர்கள் சிரித்தது என்னைப் பார்த்து இல்லை. நான் சண்டை போட்டு வாங்கிய எல்லாவற்றையும் யாரோ அலம்பிவிட்டு என்னைக் குடும்பப் பெண்ணாக்கி உட்கார வைத்துவிட்டார்கள். அந்தத் தெருவில் நான் கபிலனின் மனைவி, அவ்வளவே. மாதத்தில் ஒரு மத்தியானம் இந்தப் பாயில் மட்டும்தான் நான் வடிவு.

இதைக் கபிலனிடம் சொல்லித்தான் வெள்ளிக்கிழமை காலை சண்டை. அவன் முகம் மழித்துக்கொண்டிருந்தான், பாதிக் கன்னத்தில் நுரை. லெஸ்பியன் என்றுதான் சொல்லப்போகிறேன் என்றேன். கண்ணாடியிலேயே என்னைப் பார்த்து, அப்ப இத்தனை நாளா என்னை என்னன்னு பாத்துட்டு இருக்கே என்றான். உன்னை நீயாகத்தான் என்றேன், அது பதில் இல்லை வடிவு என்றான், பதில் இல்லைதான். எனக்கே தெரியவில்லை. எதைப் பார்த்து இவனை விரும்பினேன், எந்த இடத்தில், இன்று இருப்பது அதேதானா. அவன் தூங்கும்போது முகத்தைப் பார்த்தால் சில நேரம் பழைய முகம் தெரிகிறது, உடனே திருடியவள் மாதிரி கண்ணைத் திருப்பிக்கொள்கிறேன். மீசையைத் தொட்டாலும் பிடிக்கத்தான் செய்கிறது. இதற்கு வார்த்தை கொடு என்றால் எங்கே போவேன். அவன் கத்தியைக் கழுவி வைத்துவிட்டு, குரலை உயர்த்தாமல்தான் சொன்னான்: "நீ அங்க என்ன வேணா சொல்லிக்கோ, எனக்கு வலிக்கும், தாங்கிக்குவேன். ஆனா என்னை மறைக்காத. வீட்டு ஓனர்கிட்ட தங்கச்சின்னு சொன்னப்ப சும்மா இருந்தேன். நம்ம ரூம்ல மறைச்சா அப்புறம் நான் உன்கூட இருக்க மாட்டேன்." நம்ம ரூம் என்றான், இந்த மாடியை. இரண்டு நாளாக ஏசி ரிப்பேர் வேலைக்குப் போகிறான், வருகிறான், சாப்பிடுகிறான், அதைப் பற்றி மறுபடி ஒரு வார்த்தை பேசவில்லை. இன்று கீழே இறக்கிவிட்டான். ஹெல்மெட்டை வாங்கிக்கொண்டு, போயிட்டு வா என்று மட்டும் சொன்னான். கபிலன் சும்மா மிரட்டுகிற ஆள் இல்லை, இருக்க மாட்டேன் என்றால் இருக்க மாட்டான்.

இரண்டு பேர். இனி ஒருவர்தான். எனக்கு வலப்பக்கம் புதிதாக ஒரு அம்மாள் உட்கார்ந்திருக்கிறார், ஐம்பத்தைந்து வயது இருக்கும், காலை மடக்க முடியாமல் ஒருக்களித்து உட்கார்ந்து, பையை மடியிலேயே வைத்திருக்கிறார். பந்தை வாங்கிக்கொள்கிறார். "என் பேர் தனலட்சுமி, அரக்கோணத்துல இருந்து வரேன். நான் என்னன்னு எனக்கே தெரியலைங்க. வீட்டுக்காரர் இருக்காரு, நல்ல மனுஷன்தான். எதிர்வீட்டுல ஒருத்தங்க இருந்தாங்க, இருபது வருஷம், போன சித்திரையில காலமாயிட்டாங்க. யார்கிட்டயும் அழ முடியல." அந்தக் குரல். புதன்கிழமை சாயங்காலம் எங்கள் குழுவின் உதவி எண்ணில் போன் எடுப்பது என் முறை, இந்தக் குரல்தான் அரை மணி நேரம் பேசியது, பெயர் சொல்லவில்லை, எதிர்வீடு என்று மட்டும் சொல்லிச் சொல்லி அழுதது. நான்தான் ஞாயிற்றுக்கிழமை வரச் சொன்னேன். வாங்கக்கா, அங்க யாரும் உங்களை எதுவும் கேக்க மாட்டாங்க என்று வாய் நிறையச் சொன்னேன். ஏற்பாடு மாறியிருக்கிறது என்று தெரிந்துகொண்டேதான் சொன்னேன், அவர் அழுத அழுகையில் எனக்கு அது மறந்துவிட்டது, அல்லது மறந்த மாதிரி வைத்துக்கொண்டேன். நித்திலா என்னைத் தாண்டிக் கையை நீட்டி, மரியாதையாக, மன்னிச்சுக்கங்கம்மா என்று பந்தை வாங்கிக்கொண்டாள். உங்களுக்கு இரண்டாம் ஞாயிறு கூட்டம்தான் பொருத்தமாக இருக்கும், அங்கே உங்களை மாதிரி நிறையப் பேர் வருவார்கள், இடம் சொல்லி அனுப்புகிறோம் என்றாள். கேட்டுப் பிடுங்கக் கூடாது என்பது அவளுக்கும் தெரியும்தான். அந்த அம்மாள், தப்பா வந்துட்டேனாம்மா என்றார். கண் ஆஸ்பத்திரிக்குப் போறேன்னு வீட்டுல சொல்லிட்டு வந்தேன், அடுத்த வாரமும் அதையே சொல்ல முடியாதே என்று யாரிடமும் இல்லாமல் சொல்லிக்கொண்டு, தரையில் கை ஊன்றி எழுந்தார். நித்திலா பந்தை என் மடியில் வைத்தாள்.

கையில் பந்து. எல்லோரும் என்னைப் பார்க்கிறார்கள், அந்த அம்மாளைப் பார்க்காமல் இருப்பதற்காகவும்தான். ஒரே வார்த்தை சொன்னால் போதும், வட்டம் முடிந்துவிடும், சமோசா வரும். "சண்முகவடிவு. நாப்பத்து மூணு. லெஸ்பியன்." நித்திலா முகத்தில் நிம்மதி, குனிந்து எழுதிவிட்டாள், அடுத்தது அவள் என்பதால் பந்துக்கு இடது கையை நீட்டுகிறாள். வாசலில் அந்த அம்மாள் செருப்பைத் தேடுகிறார், எங்கள் பதினான்கு ஜோடிக்கு நடுவில் அவருடையது அகப்படவில்லை. பேசாமல் இருந்தால் யாரும் கேட்க மாட்டார்கள். யாரும் கேட்கவில்லை, உண்மையிலேயே ஒருத்தரும் கேட்கவில்லை. எனக்கு அப்போது வந்தது தைரியம் இல்லை, எரிச்சல், இருபத்து நான்கு வருடத்து எரிச்சல். பந்தைக் கொடுக்காமல், "கீழ டீக்கடையில உக்காந்திருக்காரே, அவர் என் வீட்டுக்காரர், பேரு கபிலன்" என்றேன். "தனலட்சுமிக்கா, போகாதீங்க. நான் இன்னும் முடிக்கல." அவர் ஒரு செருப்போடு அப்படியே திரும்பினார்.

"புதன்கிழமை போன்ல பேசினது நீங்களா?"

"நான்தான்கா. யாரும் கேக்க மாட்டாங்கன்னு உங்ககிட்டச் சொன்னேன். வந்து உக்காருங்க."

லெஸ்பியன் என்று சொன்னதற்கு வீட்டில் கபிலன் முகம் சுருங்கும், கபிலன் என்று சொன்னதற்கு இங்கே இவர்கள் முகம் சுருங்கிவிட்டது, இரண்டு பக்கமும் அடிதான், அடிக்கட்டும். நித்திலா நீட்டிய கையை இன்னும் மடக்கவில்லை. அக்கா, ரெண்டும் ஒண்ணா இருக்க முடியாது, இங்க ஒண்ணுதான் எழுத முடியும் என்றாள், கண்ணில் நீர் முட்டிக்கொண்டிருந்தது, அவளுக்கும் வயது இருபத்தாறுதானே. "அப்ப எழுதாத. கேளு," என்றேன். எவ்வளவு நேரம் ஆகும் என்றாள். பதினாறு வருஷம் இருக்கு, நேரமாகும் என்றேன். தனலட்சுமி அக்கா செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு வந்து, காலை ஒருக்களித்து, என் பக்கத்தில் மெல்ல உட்கார்ந்தார். நான் பந்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, கபிலன் இந்த மாடிப்படியில் முதல் தடவை ஏறி வந்த நாளிலிருந்து ஆரம்பித்தேன்.